திருநணாவில் தங்குவோர்க்கு

திருத்தலப் பயணம் மேற்கொள்ளும் அன்பர்கள் எந்த நாளில் புறப்படுவது, எந்த வழியில் செல்வது, என்னென்ன பூசைப் பொருள்களை எடுத்துச் செல்வது என்பனவற்றையெல்லாம் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கின்றனர். எங்கே தங்குவது என்பதை மட்டும் ஊர் சென்று பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோர் பலர். மலைமேல் உள்ள தலமாயினும் நகர்நடுவே உள்ள தலமாயினும் இதனால் வரும் இடர் சிறிதே. ஆற்றங்கரைத் தலத்திலோ அவ்வாறன்று. அங்கே தங்குமிடம் நீராடலோடும் வழிபாட்டோடும் முதியோர், குழந்தைகள் ஆகியோரின் உயிர்க்காவலோடும் ஒன்றியிருப்பது. கொங்கு நாட்டின் தலைசிறந்த தீர்த்தத் தலமாகிய திருநணாவை, அஃதாவது இன்றைய பவானியை, முன்வைத்து இதனை ஆராய்வோம்.

தலத்தின் அமைப்பு

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. அவற்றுள் திருநணா திருஞானசம்பந்தப் பெருமானால் பாடப்பெற்றது. நீலகிரியில் தோன்றிக் கேரளத்தின் அட்டப்பாடிப் பகுதி வழியே சென்று, மீண்டும் தமிழகம் புகுந்து, மேட்டுப்பாளையத்தையும் பவானிசாகர் அணையையும் கடந்து வரும் பவானி ஆறு இங்கே காவிரியோடு கலக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத அமுத நதியும் இவ்விடத்தில் வந்து கூடுவதாகத் தலபுராணம் கூறும். ஆகவே வடநாட்டுத் திரிவேணிக்கு ஒப்பாக இதனைத் தென்திரிவேணி என்றும், மக்கள் வழக்கில் கூடுதுறை என்றும் வழங்குவர். சங்க நூல்கள் சுட்டும் வானி என்னும் ஆறு இப்பவானியே என்பது அறிஞர் கருத்து.

இரண்டு ஆறுகளுக்கும் நடுவே அமைந்த நிலத்தில் அருள்மிகு சங்கமேசுவரர், வேதநாயகி அம்மையுடன் எழுந்தருளியுள்ளார். தலமரம் இலந்தை. இதே வளாகத்தில் ஆதிகேசவப் பெருமாளும் சௌந்தரவல்லித் தாயாரும் காட்சி தருகின்றனர். சைவரும் வைணவரும் ஒரே மதிலுக்குள் வழிபட்டு, ஒரே துறையில் நீராடும் பெருமை இத்தலத்துக்கு உண்டு.

இவ்வமைப்பை மனத்தில் கொண்டால் ஓர் உண்மை விளங்கும். கோயிலுக்கு அருகில் தங்குவது என்பது இங்கே ஆற்றுக்கு அருகில் தங்குவதும் ஆகும். அதனால் வரும் நன்மையும் உண்டு. அதனால் கொள்ளவேண்டிய எச்சரிக்கையும் உண்டு.

பண்டையோர் தங்கிய முறை

ஊருக்குப் புதியவராய் வருவோர்க்குத் தங்க இடம் தருவது தமிழ் மக்களின் தொன்மையான அறம். இதே காவிரி கடலொடு கலக்குமிடத்தில் சிறந்து விளங்கிய பூம்புகாரைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் ஒரு பொதியிலைக் காட்டுகிறார். பொதியில் என்பது ஊர்ப் பொதுவிடம். நீர்த்துறையில் மூழ்கிய மகளிர் அந்தியில் அங்கே அணையா விளக்கேற்றுகின்றனர். தரை மெழுகப்பெற்று மலர் அணியப்பெற்றிருக்கிறது. பலரும் வந்து தொழுகின்றனர். புதிதாக வந்தவர்கள் அங்கேயே தங்குகின்றனர். நீராடும் துறை, விளக்கேற்றிய வழிபாட்டிடம், வழிப்போக்கர் தங்குமிடம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இயைந்திருந்த நிலையை இதனால் அறிகிறோம். தங்குமிடம் தூயதாயும் விளக்கொளி உடையதாயும் இருக்கவேண்டும் என்பதும் உடன் பெறப்படுகிறது.

பிற்காலத்தில் இப்பொதியிலின் பணியை மடங்களும் சத்திரங்களும் ஏற்றன. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் பெருவழிகளில் அமைத்த சத்திரங்களை இன்றும் மக்கள் நினைவுகூர்வர். கொங்கு நாட்டிலும் பல மரபினர் தத்தம் குலத்தார்க்கும் பொதுமக்களுக்கும் எனத் தலங்கள்தோறும் மடங்களை எழுப்பினர். அங்கே கட்டிலும் மெத்தையும் இல்லை. கூடத்தில் விரித்த சமக்காளமே படுக்கை. அச்சமக்காளத்துக்குப் பெயர்பெற்ற ஊர் இப்பவானியே என்பதும், பவானிச் சமக்காளத்துக்கு 2005 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது என்பதும் இங்கே நினைக்கத் தக்கன.

இனி, திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு வந்த வரலாற்றைச் சேக்கிழார் கூறும் முறை நோக்கத் தக்கது. பிள்ளையார் திருக்கொடிமாடச் செங்குன்றூராகிய இன்றைய திருச்செங்கோட்டில் இருந்து, மேற்கே உள்ள தலங்களை வணங்கத் திருநணாவுக்கு எழுந்தருளினார். இங்கே இறைவனைப் பரவியபின் மீண்டும் செங்குன்றூருக்கே சென்று தங்கினார் என்கிறது பெரியபுராணம். ஓர் ஊரை உறைவிடமாகக் கொண்டு சுற்றியுள்ள தலங்களை வழிபட்டு வரும் முறை அக்காலத்திலேயே இருந்தது என்பதற்கு இது சான்று.

அவ்வாறு தங்கியபோது பனிக்காலம் வந்தது. உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. இந்நோய் இந்நிலத்துக்கு இயல்பே ஆயினும் நம்மவரை அணுகலாகாது என்று எண்ணிய பிள்ளையார், திருநீலகண்டத் திருப்பதிகம் பாடி அந்நோயை நீக்கினார். இறைவனின் அருளைப் பெற்ற பெருமானும் தம்முடன் வந்தாரின் உடல்நலத்தைப் புறக்கணிக்கவில்லை. அந்நிலத்தின் இயல்பை அறிந்தே அவர்களைக் காத்தார். குடும்பத்தை அழைத்து வரும் தலைவர் ஒவ்வொருவரும் உள்ளத்தில் இருத்த வேண்டிய நிகழ்ச்சி இது.

தந்தக் கட்டில் சொல்லும் செய்தி

பவானிக் கோயிலில் ஒரு தந்தக் கட்டில் பாதுகாக்கப்பெற்று வருகிறது. இதனை அளித்தவர் கோவை மாவட்டக் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ என்னும் ஆங்கிலேயர். அளித்த ஆண்டு 1804. ஈரோடு பகுதி 1979 ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆகும் வரை பவானி கோவை மாவட்டத்தைச் சார்ந்தே இருந்தது.

அக்கட்டிலைப் பற்றி வழங்கும் வரலாறு வருமாறு: காரோ பவானியில் ஒரு மாளிகையில் தங்கியிருந்தார். ஓர் இரவு அவர் உறங்கிக்கொண்டிருக்கையில் அம்மை தோன்றி, உடனே வெளியேறுமாறு பணித்தாள். அவர் எழுந்து வெளியே வந்த சிறிது நேரத்தில் அம்மாளிகை இடிந்து விழுந்தது. தம்மைக் காத்தவள் வேதநாயகி அம்மையே என்று உணர்ந்த காரோ, நன்றிக் கடனாகத் தந்தக் கட்டிலைத் தம் கையொப்பத்துடன் காணிக்கையாக்கினார். வேற்றுச் சமயத்தவர் ஆதலின் கோயிலுக்குள் செல்லாமல், மதிலில் அமைத்த துளைகளின் வழியே அம்மையைத் தரிசித்தார் என்றும் கூறுவர்.

தாம் படுத்திருந்த இடத்தை இழந்தவர், தம்மைக் காத்த தாய்க்குப் பள்ளிகொள்ளக் கட்டில் அளித்தார் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது. ஆனால் இதிலிருந்து, எங்கே படுத்தாலும் அம்மை வந்து எழுப்புவாள் என்று பொருள் கொள்ளுதல் கூடாது. அவரை எழுப்பியது அருள். எழுந்து வெளியே வந்தது அவர்தம் செயல். எச்சரிக்கை வந்தபோது அதனை மதித்தார், ஆதலின் பிழைத்தார். மாட்சி மிக்க மாளிகையும் ஒரே இரவில் விழக்கூடும் என்பதனையும், தோற்றத்தால் மட்டும் உறைவிடத்தை மதிப்பிடலாகாது என்பதனையும் இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

எதன்பொருட்டு வந்தோம்?

தங்குமிடம் தேர்வோர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுவே. கூடுதுறைக்கு வருவோரை மூவகையினராகப் பகுக்கலாம்.

முதல் வகையினர், மறைந்த முன்னோர்க்குக் கடன் ஆற்ற வருவோர். இவர்கள் விடியற்காலையில் துறையில் இருத்தல் வேண்டும். வெளியூரிலிருந்து இரவில் நெடுந்தொலைவு வந்து, உறக்கம் இன்றி, வெறும் வயிற்றோடு, முதியவர்களை நீரில் இறக்குதல் நன்றன்று. முன்னாள் மாலையே வந்து, துறைக்கு நடந்து செல்லும் தொலைவில் தங்கி, இரவில் எளிய உணவு கொண்டு உறங்கி எழுதலே முறை. துயரோடு வந்த குடும்பத்துக்கு ஆரவாரம் இல்லாத இடமே பொருந்தும். சடங்கு செய்துவைப்பவரிடம் முன்னரே பேசி நேரத்தையும் செலவையும் உறுதி செய்துகொண்டால், துறையில் நின்று பேரம் பேசும் மனவருத்தம் நேராது. சடங்கு முடிந்ததும் வேறெங்கும் தங்காமல் இல்லம் திரும்பும் வழக்கம் உடைய குடும்பங்களும் உண்டு. அவர்கள் அதற்கேற்பத் திட்டமிடுக.

இரண்டாம் வகையினர், பல தலங்களை வழிபட விரும்புவோர். பவானிக்கு இருப்புப்பாதை இல்லை; ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஈரோடு சந்திப்பே அண்மையது. பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி ஆகிய மூன்றையும் தரிசிக்க எண்ணுவோர்க்கு, எல்லாத் திசைக்கும் பேருந்து வசதி உள்ள ஈரோட்டில் தங்குவது ஏற்றதாகும். சம்பந்தப் பெருமான் செங்குன்றூரை உறைவிடமாகக் கொண்டதும் இம்முறையே அன்றோ!

மூன்றாம் வகையினர், திருவிழா நாள்களில் வருவோர். ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாள்களில் கூடுதுறையில் பெருங்கூட்டம் கூடும். அந்நாள்களில் ஊரினுள் அறை கிடைத்தல் அரிது, வாடகையும் கூடும். முன்பதிவு செய்ய இயலாதவர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பும் தொலைவில், உறவினர் இல்லம் முதலியவற்றில் தங்குவது நலம். நாள் பற்றிய கட்டாயம் இல்லாதோர், கூட்டம் குறைந்த மற்றொரு நாளில் வந்தால் நிறைவான தரிசனமும் அமைதியான உறைவிடமும் கிடைக்கும்.

ஆற்றங்கரைத் தலங்கள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. காவிரிக் கரையில் உள்ள கொடுமுடி, ஈரோடு-கரூர் இருப்புப்பாதையில் நிலையம் உடையது. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் நமச்சிவாயப் பதிகம் பிறந்த இத்தலத்தில், மகுடேசுவரரையும் வீரநாராயணப் பெருமாளையும் வன்னிமரத்தடியில் நான்முகனையும் வணங்கி, அன்றே திரும்பிவிடலாம். ஆயினும் பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுப்போர் காவிரிநீர் முகக்கத் திரளும் பங்குனி உத்திர நாள்களில் அங்கும் இடம் அரிதாகும். நொய்யல் கரையில் உள்ள பேரூரோ கோவை மாநகரை ஒட்டியது. பட்டீசுவரரை வழிபடுவோர் நகரில் தங்கி விடியலில் பேருந்தேறினாலும் போதும். பவானியில்தான் முதல்நாள் இரவே ஊரில் இருப்பதன் பயன் மிகுதி.

நீர்ப்பெருக்கை அறிதல்

கூடுதுறையில் காவிரியின் நீரளவு, பெரும்பாலும் மேலே உள்ள மேட்டூர் அணையிலிருந்து திறக்கப்படும் நீரைப் பொறுத்தது. அவ்வணை 1934 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. பவானி ஆற்றில் வரும் நீரோ 1955 ஆம் ஆண்டில் நிறைவுற்ற பவானிசாகர் அணையைப் பொறுத்தது. ஆகவே பவானியில் ஒரு துளி மழையும் பெய்யாத நாளில் கூட, கருநாடகத்திலோ நீலகிரியிலோ பெய்த மழையால் ஆறு பெருகி வரும். வானம் தெளிவாக இருக்கிறது என்று எண்ணி ஆற்றில் இறங்குவது தவறு.

2018, 2022 ஆகிய ஆண்டுகளில் மேட்டூர் அணை நிரம்பி, வினாடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கும் மிகுதியாக நீர் திறந்துவிடப்பட்டபோது, பவானியிலும் எதிர்க்கரையில் உள்ள குமாரபாளையத்திலும் கரையோரத் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். இத்தகைய காலங்களில் கூடுதுறையில் நீராட அரசு தடை விதிப்பது உண்டு.

ஆகையால் ஆடி, ஆவணித் திங்கள்களில் வருவோர் புறப்படுமுன் மேட்டூர் நீர்திறப்புச் செய்தியைக் கேட்டறிதல் வேண்டும். ஆற்றைப் பார்த்தவாறு அமைந்த கீழ்த்தள அறை கண்ணுக்கு இனிதே; ஆயினும் வெள்ளக் காலத்தில் மேடான தெருவில் உள்ள இடமே நெஞ்சுக்கு இனிது. நீராடத் தடை உள்ள நாளில் தடுப்பைக் கடந்து இறங்குதல், புண்ணியம் தேடி வந்து துன்பம் தேடிக்கொள்வதாகும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது முன்னோர் மொழி. அந்நாளில் கோயில் பணியாளரோ காவலரோ காட்டும் இடத்தில் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு வழிபட்டால் போதும். அன்போடு தெளித்த ஒரு கை நீரையும் இறைவன் முழு நீராடலாகவே ஏற்பான்.

அறையைப் பார்க்கும்பொழுது

திருக்கோயில் சார்ந்த தங்குமிடம் உள்ளதா என்பதைக் கோயில் அலுவலகத்தில் கேட்டறிதல் முதற்கண் செய்யத் தக்கது. அடுத்துத் தத்தம் மரபினர் நடத்தும் மடங்களையும் அறக்கட்டளை விடுதிகளையும் விசாரிக்கலாம். மடங்களில் வாடகை குறைவு, கட்டுப்பாடுகள் மிகுதி. இரவில் கதவு அடைக்கும் நேரம், உணவு முறை ஆகியவற்றை ஏற்க இயலும் என்றால் மட்டும் அங்கே தங்குக. தனியார் விடுதிகளில் வசதி உண்டு. வாடகை நாளுக்கு நாள் மாறும்.

எங்காயினும் பணம் கொடுக்குமுன் அறையை நேரில் காண்பது நன்று. முழங்கால் வலியுள்ள முதியவர் உடன் இருந்தால் மாடிப்படி எத்தனை, கழிவறை எத்தகையது என்பவற்றை நோக்குக. நீராடிய ஈர உடையை உலர்த்த இடம் உண்டா, வெந்நீர் கிடைக்குமா, இரவில் வெளிச்சம் உள்ள வழி எது என்பவற்றைக் கேட்டுக்கொள்க. அறையை ஒப்படைக்கும் நேரத்தை உறுதி செய்துகொள்க. ஒரு நாள் வாடகை என்பது சில இடங்களில் இருபத்துநான்கு மணி நேரத்தையும், சில இடங்களில் மறுநாள் காலை வரையிலான பொழுதையும் குறிக்கும். பேருந்து நிலையத்தில் எதிர்கொண்டு, அறையும் சடங்கும் தரிசனமும் ஒரே தொகையில் முடித்துத் தருவதாகக் கூறும் இடைத்தரகரை நம்பிப் பின்செல்லாமல், பணம் செலுத்திய இடத்தில் பற்றுச்சீட்டுப் பெறுக. ஆள் அடையாளச் சான்றினை மறவாது எடுத்துவருக.

நண்பகலில் கோயில் நடை சாத்தப்பெறும் ஆதலின், நீராடல் முடிந்ததும் தாழ்த்தாது தரிசனம் செய்தல் வேண்டும். தொலைவில் அறை எடுத்தோர் உடைமாற்றச் சென்று திரும்புவதற்குள் நடை சாத்தப்பெற்று, மாலை வரை காத்திருக்க நேர்கிறது. குறைந்த வாடகையை நாடித் தொலைவில் தங்கியவர் போக்குவரத்துக் கூலியாலும் காத்திருப்பாலும் இரு மடங்கு இழப்பதும் உண்டு.

தங்கியவர் கடமை

தங்க இடம் கொடுத்த ஊருக்கு நாம் திரும்பச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. நாம் மூழ்கும் இதே நீர் கீழே ஈரோட்டிலும் கொடுமுடியிலும் குடிநீர் ஆகிறது. ஆற்றில் பழந்துணிகளைக் களைந்து விடுதல், சவர்க்காரம் தேய்த்தல், நெகிழிப் பைகளை எறிதல் ஆகியன, நாளை நீராட வருபவர்க்கும் நீர் அருந்துபவர்க்கும் செய்யும் தீங்காகும். முன்னோர் பெயரால் நீர்க்கடன் ஆற்றிவிட்டு, அந்நீரையே மாசுபடுத்துதல் எவ்வாறு பொருந்தும்? உடைகளையும் பூசைக் கழிவுகளையும் உரிய தொட்டியில் இடுக. தங்கிய அறையையும் மண்டபத்தையும் வந்தபோது இருந்ததினும் தூய்மையாக விட்டுச் செல்க. மெழுகி மலரணிந்த அப்பழம் பொதியிலைத் தூயதாக வைத்திருந்தவர்களும் மக்களே அல்லரோ!

நிலையான இல்லம் எவர்க்கும் இவ்வுலகில் இல்லை என்றும், உடம்பே உயிர் சின்னாள் தங்கிச் செல்லும் சத்திரம் என்றும் பெரியோர் கூறுவர். சத்திரத்தில் தங்குபவர் தமக்கு வேண்டியதை மட்டும் கொண்டு, பிறர்க்கு இடம் விட்டு, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவது போன்றதே நல்வாழ்வு. கூடுதுறையில் தங்கும் ஓர் இரவு அப்பாடத்தைக் கற்பிக்குமாயின், அப்பயணம் பயன் நிறைந்ததாகும்.

காவிரியும் பவானியும் கூடும் துறையில் எழுந்தருளியுள்ள சங்கமேசுவரப் பெருமானும் வேதநாயகி அம்மையும், வருவோர் அனைவரையும் நலமுடன் வரவேற்று, இனிது துயிலச் செய்து, நலமுடன் இல்லம் சேர்ப்பார்களாக.